டைம்ஷேரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? டெல்டா குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இருபது வருஷத்துக்கு முன்னால் டைம்ஷேர் எனப்படும் ரிசார்ட் மெம்பர்ஷிப் வாங்கிய வீடுகள் நிறைய உண்டு. ஊட்டியில் ஒரு வாரம், இல்லையென்றால் கொடைக்கானலில் ஒரு வாரம், இனிமேல் ரூம் கவலையே கிடையாது என்று சொல்லி விற்றார்கள். பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடைத்தெருவில் ஜவுளியும் பாத்திரமும் விற்றவர்கள், ஓரளவு நிலம் வைத்திருந்தவர்கள் என்று பலரும் வாங்கினார்கள். இப்போது ஆண்டுச் சந்தா பில் வந்தால் வீட்டில் வாக்குவாதமும் சேர்ந்து வருகிறது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் போய்த் தங்குகிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். போகாதவர்கள், என்றோ கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நான் வாங்கியது சொத்தா, இல்லையா?

பெரும்பாலும் இல்லை. டைம்ஷேர் என்ற ஏற்பாடு 1960-களில் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் தொடங்கியது. ஒரு விடுதி அறையை வருஷத்தில் 52 வாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்பதுதான் அதன் அடிப்படை. இந்தியாவில் 1980-களில் வந்தது. 99 வருஷ மெம்பர்ஷிப்பும் விற்றார்கள், 25 வருஷத்துக்கும் விற்றார்கள். உங்கள் கையில் இருப்பது எத்தனை வருஷத்துக்கானது என்பதை ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பக்கத்தில் பாருங்கள். ‘வாங்கி ரொம்ப நாளாச்சு, எப்போ முடியும்னு தெரியாது’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது குத்தகை மாதிரி. நிலம் கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும், சாகுபடி உரிமை மட்டும் உங்களுடையது. மெம்பர்ஷிப்பும் அப்படித்தான். கட்டடம் கம்பெனியுடையது, வருஷத்தில் சில ராத்திரி தங்கும் உரிமை உங்களுடையது. பட்டா வராது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரமும் பெரும்பாலும் இருக்காது. ரிசார்ட் இருக்கும் இடத்தில் மனை விலை பத்து மடங்கு ஏறினாலும் உங்களுக்கு அதில் பங்கு கிடையாது. ஒவ்வொரு வருஷம் கழியும்போதும் மிச்சமிருக்கும் உரிமை ஒரு வருஷம் குறைகிறது. ‘நிலம் மாதிரி வைத்திருந்தால் விலை ஏறும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆண்டுச் சந்தா ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

ரிசார்ட்டைப் பராமரிக்கும் செலவு உறுப்பினர்கள் தலையில்தான் விழும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். சம்பளம், மின்சாரம், டீசல், மராமத்து, பெயிண்ட், மெத்தை எல்லாம் அதில் அடக்கம். மலைப்பிரதேசத்தில் ஈரத்தால் சுவரும் மரச்சாமான்களும் சீக்கிரம் கெடும், பொருள்களைக் கீழேயிருந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கட்டடம் பழசாக ஆக, செலவு கூடத்தான் செய்யும். சில ஒப்பந்தங்களில் சந்தா உயர்வைப் பணவீக்கத்தோடு இணைத்திருப்பார்கள். சிலவற்றில் ‘நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இரண்டாவது வகை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் வரி. சந்தாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து பில் வருகிறது. 2017 ஜூலைக்கு முன் சேவை வரியாக 15 சதவீதம் இருந்தது. அதேநேரம், சாதாரணமாக ஓட்டலில் ரூம் எடுத்தால், ஒரு ராத்திரி வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும்வரை 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். முன்பு அது 12 சதவீதமாக இருந்தது. வைத்திருப்பதா விடுவதா என்ற கணக்கில் இந்த வித்தியாசத்தைப் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை.

லாபமா நஷ்டமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கட்டிய தொகையை அதில் எழுதவே வேண்டாம். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஸ்டூடியோ ரூம், வருஷத்துக்கு 7 ராத்திரி, இன்னும் 11 வருஷம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். சந்தா 22,000 ரூபாய். வரியோடு 25,960. ஏழு ராத்திரியும் தங்கினால் ஒரு ராத்திரிக்கு 3,700 ரூபாய் சொச்சம். அதே ஊரில், அதே தரத்தில், நீங்கள் வழக்கமாகப் போகிற மாதத்தில் வெளியே ஒரு ரூம் 4,500 ரூபாய் என்றால் வரியோடு 4,725. ஏழு ராத்திரிக்கு 33,075. ஆக மெம்பர்ஷிப்பால் வருஷம் 7,115 ரூபாய் மிச்சம். சரி, இது நல்ல கணக்குதான்.

ஆனால் அந்த வருஷம் ஐந்து ராத்திரிதான் தங்க முடிந்தது என்றால்? வெளியே எடுத்திருந்தால் 23,625 ரூபாயோடு முடிந்திருக்கும், நீங்கள் கட்டியதோ 25,960. இந்த உதாரணத்தில் ஆறாவது ராத்திரியிலிருந்துதான் லாபம் தொடங்குகிறது. உங்கள் ஃபைலில் உங்களுக்கான அந்த எண் எது என்று கண்டுபிடியுங்கள். வரியோடு சேர்த்த சந்தாவை, வெளியில் ஒரு ராத்திரிக்கு ஆகும் வாடகையால் வகுத்தால் போதும். மே மாதத்தில் மட்டுமே போகிறவர்களுக்கு வெளி வாடகை அதிகம். அதே ரூம் 7,000 ரூபாய் என்றால் நாலாவது ராத்திரியிலேயே கணக்கு நேராகிவிடும். அந்த மே மாதத்தில் உங்களுக்கு ரூம் கிடைக்கிறதா என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

இனி 11 வருஷத்துக்கும் பார்ப்போம். சந்தா வருஷம் 7 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், கடைசி வருஷம் வரியோடு 51,000 ரூபாய் கட்டுவீர்கள். பதினோரு வருஷமும் சேர்த்தால் ஏறக்குறைய 4 லட்சத்து 10 ஆயிரம். வெளி வாடகையும் ஏறத்தான் ஏறும் என்பதால் இதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய சந்தா ரசீதுகள் ஐந்தை வரிசையாக எடுத்து, உங்கள் சந்தா உண்மையில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வாடகையைவிடச் சந்தா வேகமாக ஏறுகிறதென்றால், இன்று லாபமாக இருக்கும் கணக்கு நாலைந்து வருஷத்தில் திரும்பிவிடும்.

சாப்பாட்டையும் மறக்காதீர்கள். ரூம் ‘இலவசம்’ என்று போகிறோம், ஆனால் ரிசார்ட் ஊருக்கு வெளியே எங்கோ மேட்டில் இருக்கும். காலை, ராத்திரி இரண்டு வேளையும் உள்ளேயே பஃபே. நாலு பேருக்கு மூன்று நாள் சாப்பாட்டு பில், வெளியில் எடுத்திருக்கக்கூடிய ரூம் வாடகையைத் தாண்டிப் போனதை நான் பார்த்த ரசீதுகளிலேயே கண்டிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து கார் பேசிக்கொண்டு போகிற செலவு மெம்பர்ஷிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பாடு அப்படி இல்லை. டவுனுக்குள் ரூம் எடுத்தால் மெஸ்ஸில் சாப்பிடலாம்.

அன்றைக்கே மூன்றரை லட்சம் கட்டினோமே, அதை எப்படி விடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்கும் குரல் தழுதழுக்கும். அந்தப் பணத்தில் அன்று ரெண்டு மா நிலம் வாங்கியிருக்கலாம், பெண்ணுக்கு நகை போட்டிருக்கலாம் என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் இன்று நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. வைத்துக்கொண்டாலும் வராது, விட்டாலும் வராது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதைக் கணக்கில் போட்டு என்ன பயன்? இனிமேல் கட்டப்போவது எவ்வளவு, இனிமேல் கிடைக்கப்போவது எவ்வளவு, இந்த இரண்டு மட்டும்தான் கேள்வி. ‘போட்டதை எடுக்கணும்’ என்று வேண்டாவெறுப்பாக லீவு போட்டு, முழங்கால் வலியோடு மலை ஏறி, அங்கே போய் அறைக்குள்ளேயே படுத்திருந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எதையும் எடுக்கவில்லை, மேற்கொண்டு செலவுதான் செய்தார்கள்.

நாங்கள் கேட்கிற தேதியில் ரூமே கிடைப்பதில்லை. இது ஏன்?

மெம்பர்ஷிப்பில் சீசன் என்று ஒன்று உண்டு. நிறத்தின் பெயரால் பிரித்திருப்பார்கள். விலை உயர்ந்த சீசன் வாங்கியவர்களுக்கு வருஷத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும். மலிவான சீசன் வாங்கியவர்களுக்குப் பள்ளி விடுமுறையும் பண்டிகை வாரங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். இன்னொன்று, உறுப்பினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மே மாதத்து ஊட்டியில் இருக்கும் அறைகள் குறைவு. எல்லா ஊர்க்காரர்களும் ஒரே பத்து நாளைத்தான் கேட்கிறார்கள். புக்கிங் திறக்கும் நாளன்றே, சில மாதம் முன்கூட்டியே, உட்கார்ந்து போடுகிறவர்களுக்குக் கிடைக்கும்.

டெல்டா வீடுகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மெம்பர்ஷிப் விற்க வருகிறவர்கள் சென்னைக் குடும்பத்தை மனதில் வைத்துப் பேசுவார்கள். நம் வருஷம் வேறு மாதிரி. பொங்கலுக்குச் சம்பா அறுவடை. களத்தில் நெல் கிடக்கும்போது, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட்டு முடிக்கும்வரை ஊரைவிட்டு நகர முடியாது. தீபாவளியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை, வயலில் தண்ணீர் நிற்கிறதா வடிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்றாலும் அது நிச்சயமில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஜூனில் போகலாம் என்று நாலு மாதம் முன்பே ரூம் போட்டு வைத்தால், குறுவை நாற்றங்கால் வேலை அதே வாரத்தில் வந்து நிற்கும். ரத்து செய்தால் ராத்திரிகள் கழியும். மே மாதம் மட்டும் ஓய்வு, அப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள்.

ஆனால் இதே காலண்டர் சிலருக்கு நன்மையாகவும் அமையும். சம்பா அறுத்து, உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிட்ட பிறகு, மாசியில் கொஞ்ச நாள் கை ஓய்வாக இருக்கும். பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி. பள்ளிகளில் பரீட்சை நேரம் என்பதால் மலையில் கூட்டம் இருக்காது, ரூம் கிடைக்கும், குளிரும் தாங்குகிற அளவில் இருக்கும். படிக்கிற பிள்ளை இல்லாத, ஐம்பத்தைந்து அறுபது வயதைத் தாண்டிய தம்பதிகளுக்கு மலிவு சீசன் மெம்பர்ஷிப்பே போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், பாபநாசம் பக்கம், இப்படித்தான் வருஷம் தவறாமல் மாசியில் போய்வருகிறார்கள். அவர்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு ‘விற்காதீர்கள்’ என்றுதான் சொன்னேன். கும்பகோணத்தில் மாசிமகத்தை விடக் கூடாது என்று நினைப்பவர்கள் அந்தத் தேதியை மட்டும் பார்த்து முன்னே பின்னே வைத்துக்கொண்டால் சரி.

விற்றால் என்ன விலை கிடைக்கும்?

மனதைத் தேற்றிக்கொண்டு கேளுங்கள். வாங்கிய விலையில் மிகச் சிறிய பங்குதான் கிடைக்கும். பலருக்கு வாங்க ஆளே கிடைப்பதில்லை. காரணம் எளிது. உங்களிடம் வாங்குகிறவர் அதன்பின் வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும், மிச்சமிருக்கும் வருஷமோ குறைவு. கம்பெனியே புது மெம்பர்ஷிப்பைத் தவணையிலும் பரிசோடும் விற்றுக்கொண்டிருக்கிறது. சில திட்டங்களில் முதல் உறுப்பினருக்கு இருந்த சலுகைகள் இரண்டாவது ஆளுக்குப் போகாது.

விற்க இறங்குமுன் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, சந்தா பாக்கி இருக்கிறதா, மாறுகிறவருக்கு எந்தெந்த உரிமை போகும். பெயர் மாற்றக் கட்டணமே விற்கும் விலையைத் தாண்டிவிடுகிற சந்தர்ப்பமும் உண்டு. அப்படியென்றால் வெளியாளுக்கு விற்பதை மறந்துவிடலாம். என்னைக் கேட்டால், நல்ல வழி தெரிந்தவர் வட்டத்துக்குள் தேடுவதுதான். கல்யாணமாகி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு, வருஷம் ஏழு ராத்திரி நிஜமாகவே பயன்படும். குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் அடுத்த வருஷத்திலிருந்து உங்கள் சந்தா நின்றுபோகும். உங்களுக்கு உண்மையான ஆதாயம் அதில்தான் இருக்கிறது.

‘உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் ரெடி’ என்று போன் வருகிறதே?

நம்பாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

பேச்சு ஒரே மாதிரி இருக்கும். ‘சார், டெல்லியில் ஒரு கார்ப்பரேட் கம்பெனி உங்கள் மெம்பர்ஷிப்பை ஆறு லட்சத்துக்கு எடுக்கிறது.’ உங்கள் உறுப்பினர் எண், வாங்கிய வருஷம் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அந்த விவரங்கள் எப்படியோ வெளியே போயிருக்கும், அதை வைத்து நம்பிவிட வேண்டாம். இரண்டு நாள் கழித்து முத்திரையெல்லாம் போட்ட ஒரு ‘ஒப்புதல் கடிதம்’ வாட்ஸ்அப்பில் வரும். அப்புறம் தடையில்லாச் சான்றுக்கு 18,000, அதன்மேல் ஜி.எஸ்.டி., அதன்பின் ‘திரும்பக் கிடைக்கும் டெபாசிட்’ என்று வரிசையாகக் கேட்பார்கள். பணம் உங்களுக்கு வர வேண்டிய வியாபாரத்தில் நீங்கள் எதற்கு முன்பணம் கட்ட வேண்டும்? அந்த ஒரு கேள்வி போதும். உலகம் முழுக்க டைம்ஷேர் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. வயதானவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறார்கள்.

கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம்.

சந்தா அதிகம் என்று சொன்னால், கம்பெனிக்காரர்கள் ‘அப்கிரேட் பண்ணுங்க’ என்கிறார்களே?

ஏற்கெனவே பயன்படுத்த முடியாத ஒன்றைப் பெரிதாக்கிக்கொள்ள மேலும் பணம் கேட்கிறார்கள். வேண்டாம். வேறொரு கம்பெனி வந்து ‘பழையதை எங்களிடம் கொடுத்துவிட்டு ஒரு லட்சம் மட்டும் கட்டுங்கள், புதியது தருகிறோம்’ என்றாலும் இதே பதில்தான். பல சமயம் பழையது உங்கள் பெயரிலேயே இருக்கும், இரண்டு சந்தா வரும்.

பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடலாமா?

முதலில் அவர்களைக் கேளுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது அம்மா கையால் சாப்பிட்டு, குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வரவே நாள் போதாது. அவன் தலையில் சந்தாவை ஏற்றுவது பரிசு ஆகாது. உள்நாட்டில் இருக்கும் மகளோ மருமகனோ ‘எங்களுக்குக் கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்டால் மாற்றுங்கள். ரத்த உறவுக்குள் மாற்ற, வெளியாளுக்கு மாற்றுவதைவிடக் கட்டணம் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

அப்பா இறந்துவிட்டார். பில் இன்னும் அவர் பெயரில் வருகிறது. நாங்கள் கட்ட வேண்டுமா?

இறந்தவரின் பாக்கிக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவரிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான். அதற்கு மேல் சொந்தக் கையிலிருந்து கட்டச் சொல்ல முடியாது. மெம்பர்ஷிப் வேண்டுமென்றால் நியமனதாரர் (நாமினி) விவரமோ, தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழோ கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் இறப்புச் சான்றிதழ் நகலோடு, ‘நாங்கள் இதைத் தொடர விரும்பவில்லை’ என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். இதற்கிடையில் யாரும் அந்தக் கணக்கில் ரூம் போட்டுத் தங்கிவிட வேண்டாம், தொடர விரும்புகிறீர்கள் என்று அதை எடுத்துக்கொள்வார்கள்.

சந்தா கட்டாமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

முதலில் புக்கிங்கை நிறுத்துவார்கள். பாக்கிக்கு வட்டி ஏறும். நினைவூட்டல் கடிதம், போன், ஒரு கட்டத்தில் வக்கீல் நோட்டீஸ். சில ஒப்பந்தங்களில் இத்தனை வருஷம் கட்டாவிட்டால் மெம்பர்ஷிப் ரத்து என்று இருக்கும், அதையே எதிர்பார்த்துப் பலர் பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. பாக்கி எவ்வளவு ஏறும், ரத்து எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, நோட்டீஸ் வந்தால் வீட்டில் தூக்கம் போகும். நேராக எழுதிக் கொடுத்து வெளியேறுவது மேல்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. மெம்பர்ஷிப் வாங்கிய தவணையே இன்னும் ஓடுகிறதென்றால், அது வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த கடனாக இருக்கலாம். அதைக் கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் அடிபடும், நாளைக்கு நகைக்கடன் தவிர வேறு கடன் வாங்குவது கஷ்டமாகும். சந்தா வேறு, கடன் தவணை வேறு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவு கொடுத்திருந்தால், எது எதற்குப் பிடிக்கிறார்கள் என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

சரண்டர் பண்ணுவது எப்படி?

ஒப்பந்தத்தில் ‘ரத்து’, ‘முடிவுக்குக் கொண்டுவருதல்’, ‘திருப்பி ஒப்படைத்தல்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தப் பத்தியை முதலில் தேடுங்கள். வாங்கிய சில நாளுக்குள் ரத்து செய்தால் முழுப்பணம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தக் காலம் தாண்டியவர்களுக்குக் கழிவு போக ஏதாவது கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். உறுப்பினர் எண், வாங்கிய தேதி, கட்டிய மொத்தத் தொகை, எந்தத் தேதியிலிருந்து விலக விரும்புகிறீர்கள், அந்தத் தேதிக்குப் பின் சந்தா கேட்கக் கூடாது, கணக்கை முடித்ததற்கு எழுத்தில் சான்று வேண்டும். இவ்வளவுதான். உடம்பு சரியில்லாததையும் குடும்பக் கஷ்டத்தையும் இரண்டு பக்கம் எழுத வேண்டாம். ஒரு மருத்துவ ரிப்போர்ட் நகலை இணைப்பது, பத்து வரி வர்ணனையைவிட வேலை செய்யும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். போனில் யார் என்ன வாக்குறுதி கொடுத்தாலும், ‘இதையே மெயிலில் அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பில் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால், அடுத்த வருஷச் சந்தா விழுவதற்குள் பேசி முடிக்கலாம்.

அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். டைம்ஷேருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கைகொடுக்க வேண்டும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தில் நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. கம்பெனி அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 5-லிருந்து 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில விஷயங்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும்.

கெடு இரண்டு வருஷம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து அதற்குள் போட வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்னதை வைத்து இன்று ஜெயிப்பது கடினம். ஆனால் தொடர்ந்து நாலு தடவை கேட்டும் ரூம் கொடுக்கவில்லை, அதே தேதிக்கு அதே ரிசார்ட்டில் வெளியாட்களுக்கு இணையத்தில் அறை விற்றார்கள் என்றால், அந்தத் திரைகளைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருங்கள். அது வலுவான சாட்சி. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, நியாயமற்றது என்று வாதாட வேண்டுமென்றால் மட்டும் மாவட்டத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு வக்கீல் இருப்பது நல்லது.

முடிவு எடுத்தாயிற்று, விடப்போகிறோம். இந்த வருஷ ராத்திரிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

கட்டியாயிற்று என்றால் கட்டாயம் பயன்படுத்துங்கள். போன வருஷத்து மீதம் சேர்ந்திருக்கிறதா என்றும் கணக்கில் பாருங்கள். சரண்டர் கடிதம் போய்விட்டால் புக்கிங்கை முடக்கிவிடலாம் என்பதால், தங்கிவிட்டு வந்தபின் கடிதம் அனுப்புங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் தங்கை குடும்பத்தையோ, பக்கத்து வீட்டுப் புதுமணத் தம்பதியையோ விருந்தினராக அனுப்பலாம், பெரும்பாலான திட்டங்களில் அதற்கு அனுமதி உண்டு. காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவருக்கு விடுவதைத்தான் ஒப்பந்தங்கள் தடுக்கும்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போவதென்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். ரூம் உறுதியான அன்றே பாஸுக்கும் போட்டுவிடுவது நல்லது. அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகக் கோயம்புத்தூருக்கு ஜன்சதாப்தி ரயில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடாது. கோயம்புத்தூரில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி பஸ் பிடித்தால் வயதானவர்களுக்கும் அலுப்புக் குறைவு.